சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தாளை எப்போது எடுப்பது: இந்த செமஸ்டரா, அடுத்ததா, விடுமுறையா?

கேள்விக்குறி:

மின்பொறியியல் 2-ஆம் ஆண்டுப் பாடங்களை வைத்துக் கேட்கிறேன். நுண்கணிதம் இரண்டு தாள் முடிந்தது. சர்க்யூட் தாளில் ஃபேஸர் (ஏசி மின்னலையைக் கலப்பெண்ணாக எழுதும் முறை) வரை ஆயிற்று. வகைக்கெழுச் சமன்பாடுகளும் வெக்டர் நுண்கணிதமும் பாக்கி. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் எடுக்க மூன்று வழி இருக்கிறது. வரும் செமஸ்டரிலேயே, வகைக்கெழுச் சமன்பாடுகளோடும் மின்காந்தவியலோடும் சேர்த்து எடுக்கலாம். ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டு, கணிதத்தை முடித்துவிட்டு எடுக்கலாம். இல்லையென்றால் விடுமுறையில் நடக்கும் 6 வார வகுப்பு. எதை வைத்து முடிவெடுப்பது? "கணக்கு நன்றாக வந்தால் எடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நன்றாக வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துருவமும்_பூஜ்ஜியமும்:

நுண்கணிதத் தாளில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே படித்த பலவும் இந்தத் தாளில் தலைகாட்டாது. எல்லைத் தேற்றங்கள், சுழற்சிக் கனஅளவு, முக்கோணவியல் பிரதியீடு எல்லாம் மறந்திருந்தாலும் ஒன்றும் குறையாது. வருவது ஒரு சிறு பகுதிதான். ஆனால் அது யோசிக்காமல் வரவேண்டும். பலகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் பகுதி பின்னம் பிரித்திருப்பார்கள், அதாவது ஒரு பின்னத்தை எளிய பின்னங்களின் கூட்டலாக எழுதியிருப்பார்கள். அதைப் புரிந்துகொள்ளவே நீங்கள் நின்றுவிட்டால், அந்த வரி எதற்காக வந்ததோ அது கைநழுவிப் போகும்.

கீழே 8 கணக்கு. குறிப்பு பார்க்காமல், 40 நிமிடம். கால்குலேட்டரை 2-இல் கோணத்துக்கு மட்டும் தொடலாம். ஜே என்பது −1-இன் வர்க்கமூலம், டி நேரம், எஸ் ஒரு மாறி, ஈ இயல் மடக்கையின் அடிமானம்.

1. (1 + ஜே)-யின் 8-ஆம் அடுக்கு.
2. 10 ÷ (3 + ஜே4): அளவும் கோணமும்.
3. −1 − ஜே என்ற எண்ணின் கோணம்.
4. (எஸ் + 3) ÷ [(எஸ் + 1)(எஸ் + 2)]: பகுதி பின்னங்களாக.
5. 1 ÷ [(எஸ் + 1)²(எஸ் + 2)]: பகுதி பின்னங்களாக.
6. டி × ஈ^(−2டி): 0 முதல் முடிவிலி வரை தொகையீடு.
7. 1/2-இன் அடுக்குகள், 0 முதல் 5 வரை: கூட்டுத்தொகை.
8. ஒய்-யின் வகைக்கெழு + 2ஒய் = 6, தொடக்கத்தில் ஒய் = 0. ஒய் என்ன?

விடைகள்: 16. அளவு 2, கோணம் −53.13°. −135°. 2/(எஸ் + 1) − 1/(எஸ் + 2). ஐந்தாவதை நீங்களே சரிபாருங்கள்: மூலப் பின்னத்திலும் உங்கள் விடையிலும் எஸ் = 0 போட்டால் இரண்டும் 1/2 என்று வரவேண்டும். ஆறாவது 1/4. ஏழாவது 63/32. எட்டாவது 3(1 − ஈ^(−2டி)).

6 அல்லது அதற்கு மேல் சரி என்றால் வரும் செமஸ்டரிலேயே எடுங்கள். 4, 5 என்றால் செமஸ்டர் தொடங்குமுன் மூன்று வாரம் பழகிவிட்டு எடுக்கலாம். அதற்கும் கீழே என்றால் தள்ளிப்போடுவதே நல்லது. எண்ணிக்கையைவிடத் தவறின் வகை முக்கியம். குறி மாறிப்போனது வேறு, எங்கே தொடங்குவது என்றே தெரியாதது வேறு. இரண்டாவது வகை மூன்றுக்கு மேல் இருந்தால் மூன்று வாரம் போதாது.

அலைவரிசை:

சோதனை நல்ல சோதனை. ஆனால் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். இந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு சங்கிலியே நிற்கிறது: கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், கம்யூனிகேஷன், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். பல பாடத்திட்டங்களில் இந்த மூன்றுக்கும் முன்தகுதி இதுதான். ஒவ்வொரு தாளும் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்தப்படும் இடமாக இருந்தால், இதை ஒரு செமஸ்டர் தள்ளுவது பின்னால் வருவதை ஓராண்டு தள்ளிவிடும். முதலில் அந்த மூன்றும் எந்தெந்த செமஸ்டரில் நடக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் ஃபில்டர், ரேடியோ, மோட்டார் கட்டுப்பாடு என்று போகுமானால் அதையும் அதே தாளில் குறியுங்கள்.

இன்னொன்று. வகைக்கெழுச் சமன்பாடுகள் தாள் முழுதாக முடிந்திருக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. இங்கே கேட்பது மாறிலிக் கெழுக்கள் கொண்ட நேரியல் சமன்பாடு மட்டும். அதிலும் முதல் வரிசை, இரண்டாம் வரிசை. அது அந்தத் தாளின் முதல் பாதியிலேயே வந்துவிடும். எனவே இரண்டையும் ஒரே செமஸ்டரில் வைத்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாராந்திரப் பாட அட்டவணையை வாங்கிப் பாருங்கள். கன்வல்யூஷன் (ஒரு சிக்னலைத் திருப்பி நகர்த்தி மற்றதோடு பெருக்கித் தொகையிடுவது), ஃபூரியர் தொடர், ஃபூரியர் மாற்றம் (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிப்பவை) என்று தொடங்கி லாப்லாஸ் மாற்றம் (வகைக்கெழுச் சமன்பாட்டை எஸ் என்ற மாறியில் இயற்கணிதமாக்குவது) பின்னால் வந்தால் கவலையில்லை. லாப்லாஸ் 2-ஆம் வாரமே வந்தால், அதற்குள் வகைக்கெழு வகுப்பு மாறிகளைப் பிரிக்கும் முறையைத் தாண்டியிருக்காது. அப்போது எல்லாம் உங்கள் தலையில்தான்.

காந்தச்சுருள்:

கேள்வியில் உண்மையான சிக்கல் சிக்னல்ஸ் இல்லை, மின்காந்தவியல். வெக்டர் நுண்கணிதம் பாக்கி என்கிறீர்கள். அது இல்லாமல் மின்காந்தவியல் எடுப்பதுதான் இந்த மூன்று தாளில் பெரிய ஆபத்து. நகர்த்த வேண்டியது அதை.

இரண்டும் கணிதம் நிறைந்த தாள் என்று ஒரே கூடையில் போடக்கூடாது. சிக்னல்ஸில் ஒரே ஒரு மாறி; நேரம் அல்லது அதிர்வெண். ஆனால் கலப்பெண் எப்போதும் கூடவே வரும். மின்காந்தவியலில் மூன்று மாறி, திசை, பரப்பு, கோடு, மூன்று வகை ஆயத்தொலைவு முறை. ஒன்றுக்குப் பழகிய கை மற்றொன்றுக்கு உதவாது. மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை நான்காகச் சுருக்கி இன்றைய வெக்டர் வடிவில் எழுதியவர் ஆலிவர் ஹெவிசைட், 1880-களில். அந்தச் சுருக்கெழுத்தைப் படிக்கத் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்தால், நான்கு சமன்பாடும் நான்கு படமாகத்தான் தெரியும்.

மின்காந்தவியலுக்குத் தயாரா என்று பார்க்க எளிய சோதனை: ஆரம் 2 உள்ள வட்டத்தின் பரப்பை உருளை ஆயத்தொலைவில் இரட்டைத் தொகையீடாக எழுதிக் கண்டுபிடியுங்கள். விடை 4பை. பரப்புக் கூறு ஆர் × டிஆர் × டிதீட்டா. பலர் முன்னால் நிற்கும் ஆர்-ஐ விட்டுவிடுவார்கள்.

ஓம்_விதி:

காந்தச்சுருள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆரம் 2 வேண்டாம். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் தவறு வெளியே தெரியாது. ஆர்-ஐ விட்டுவிட்டால் தொகையீடு ஆரம் × 2பை ஆகும். ஆரம் 2 என்றால் அதுவும் 4பை. சரியான வழியும் தவறான வழியும் ஒரே விடை தரும். ஆரம் 3 எடுங்கள்: சரியானது 9பை, ஏறத்தாழ 28.27, ஆர்-ஐ விட்டால் 6பை, 18.85.

காந்தச்சுருள்:

ஆமாம், 3 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தியதற்கு நன்றி. கோள ஆயத்தொலைவிலும் இதே மாதிரி ஒன்று செய்து பாருங்கள்: ஆரம் 3 உள்ள கோளத்தின் கனஅளவு 36பை வரவேண்டும். ஆர்-இன் வர்க்கமும் சைன் தீட்டாவும் தானாக எழுதிக்கொள்ளாத கை இன்னும் தயாராகவில்லை.

ஓம்_விதி:

விடுமுறை வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. 15 வாரப் பாடம் 6 வாரத்தில் என்றால் வேகம் 2.5 மடங்கு. வழக்கமான செமஸ்டரில் வகுப்பையும் சேர்த்து வாரம் 12 மணி நேரம் கேட்கும் தாள், அங்கே 30 மணி நேரம் கேட்கும். வேறு எந்த வேலையும் இல்லையென்றால் மணி நேரம் கிடைத்துவிடும். கிடைக்காதது இடைவெளி. கன்வல்யூஷன் முதல் நாள் யாருக்கும் புரிவதில்லை. கணக்குப் போட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போடும்போதுதான் பிடிபடும். 6 வார வகுப்பில் அந்த இரண்டு நாளுக்குள் ஃபூரியர் தொடர் தொடங்கிவிடும்.

அது எங்கே சிக்கும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். உயரம் 1 உள்ள இரண்டு சதுரத் துடிப்புகள்: ஒன்று 0 முதல் 2 வரை, மற்றது 0 முதல் 3 வரை. கன்வல்யூஷன் செய்ய வேண்டும். சிறியதைத் திருப்பி நகர்த்தினால் அது டி − 2 முதல் டி வரை நிற்கும். பெரியது 0 முதல் 3 வரை அசையாமல் இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நீளம்தான் விடை. டி 0-இலிருந்து 2 வரை போகும்போது அந்த நீளம் டி. 2-இலிருந்து 3 வரை சிறியது முழுதும் உள்ளே, ஆகவே 2. 3-இலிருந்து 5 வரை வலது பக்கம் வெளியே போய்விட்டது; மிச்சம் டி − 2 முதல் 3 வரை, அதாவது 5 − டி. 5-க்குப் பின் 0. வரைந்தால் தட்டையான உச்சி உள்ள சரிவகம்.

பெரும்பாலான தவறு மூன்றாம் பகுதியில். கீழ் எல்லையை டி − 2 என்று மாற்றாமல் முதல் பகுதியிலிருந்த 0-வையே இழுத்துக்கொண்டு வந்தால் 3 என்று மாறிலி வரும். வரைபடம் 2-இலிருந்து 3-க்குத் தாவும். தாவல் தெரிந்தாலே எல்லை தவறு. இன்னொரு சரிபார்ப்பு: விடையின் பரப்பு, இரண்டு துடிப்புகளின் பரப்புகளுடைய பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். இங்கே 2 × 3 = 6. சரிவகத்தின் பரப்பு (5 + 1) ÷ 2 × 2 = 6. பொருந்துகிறது.

முன்பே ஒரு முறை இந்தத் தாளில் உட்கார்ந்து பாதியில் விட்டவருக்கு விடுமுறை வகுப்பு பொருந்தும். முதல் முறை படிப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கேள்விக்குறி:

சோதனை செய்தேன். 40 நிமிடத்தில் 1, 2, 4, 7, 8 சரி. 3-க்கு 45° என்று எழுதினேன். 5-க்கு 1/(எஸ் + 1)² + 1/(எஸ் + 2). 6-ஐத் தொடங்கவில்லை. எட்டுக்கு 5. மூன்று வாரம் இருக்கிறது. எதை, எந்த வரிசையில் பழகுவது?

துருவமும்_பூஜ்ஜியமும்:

மூன்றுமே திருத்திக்கொள்ளக்கூடியவை.

3-ஆவது: டேன் தலைகீழி −1 ÷ −1 = 1 என்பதை மட்டும் பார்க்கிறது. இரண்டு குறியும் எதிர்மறை என்ற செய்தி வகுக்கும்போதே தொலைந்துவிட்டது. புள்ளி மூன்றாம் காற்பகுதியில் இருக்கிறது. 45°-யிலிருந்து 180° கழித்தால் −135°. எண்ணைத் தளத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்காமல் கோணம் எழுதக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவறு அதிர்வெண் பதிலில் (ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ்) கட்டத்தை (ஃபேஸ்) 180° மாற்றிவிடும். கன்ட்ரோல் தாளில் அதே 180° நிலையான சிஸ்டத்தை நிலையற்றது என்று காட்டும்.

ஏசி சர்க்யூட்டுக்குக் கலப்பெண்ணைக் கொண்டுவந்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் சிகாகோ மாநாட்டில் அந்த முறையை விளக்கியதன் பயனே வகைக்கெழுச் சமன்பாட்டை வெறும் கூட்டல் பெருக்கலாக மாற்றியதுதான். அந்தக் கூட்டல் பெருக்கல் தடுமாறினால் முறையால் ஒரு பயனும் இல்லை. எனவே முதல் வாரம் முழுக்கக் கலப்பெண். நாளுக்கு 10: ஐந்து கூட்டல்–வகுத்தல், மூன்று வடிவ மாற்றம், இரண்டு அடுக்கு. கூடவே 1 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் ஆர்சி லோ-பாஸ் ஃபில்டரை எடுத்து 10, 159, 1000, 10000 ஹெர்ட்ஸில் அளவும் கோணமும் கையால் போடுங்கள். 159-இல் 0.707, −45° என்று வந்தால் வழி சரி.

5-ஆவது: உங்கள் விடையில் எஸ் = 0 போடுங்கள். 1 + 1/2 = 1.5. இருக்க வேண்டியது 0.5. ஒரு உறுப்பு குறைகிறது. இரட்டைத் துருவம் (பகுதியை இருமுறை பூஜ்ஜியமாக்கும் எஸ் மதிப்பு) வந்தால் (எஸ் + 1)² கீழே ஒன்று, (எஸ் + 1) கீழே ஒன்று, இரண்டும் எழுதியாக வேண்டும். விட்டுப்போனது −1/(எஸ் + 1). சேர்த்தால் 1 − 1 + 1/2 = 0.5. மறைத்துப் போடும் குறுக்குவழி (பகுதியில் ஒரு காரணியை மறைத்து, அது பூஜ்ஜியமாகும் எஸ் மதிப்பை மற்றதில் போடுவது) உயர்ந்த அடுக்கின் கெழுவை மட்டும் தரும்; மற்றதைப் பிடிக்க எஸ் = 0 போடுவதே சுலபம். இரண்டாம் வாரம் இதற்கு: தனித் துருவம் 10 கணக்கு, இரட்டை 10, கலப்பெண் துருவம் 10. கடைசிப் பத்தில் பகுதியை முழு வர்க்கமாக்கும் பழக்கம் வேண்டும்.

6-ஆவது: பகுதித் தொகையிடல். டி-யை வகையிட்டு, ஈ-யின் அடுக்கைத் தொகையிட வேண்டும்; மாற்றி எடுத்தால் டி-யின் அடுக்கு ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் வாரத்தில் இதோடு பெருக்குத் தொடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7 சரியாக வந்திருக்கிறது. ஆனால் கூட்டல் 0-இல் தொடங்காமல் 3-இல் தொடங்கினால் என்ன என்று பாருங்கள். 3 முதல் முடிவிலி வரை 1/4 வரவேண்டும். இசட் மாற்றத்தில் (மாதிரி எடுத்த சிக்னலுக்கான லாப்லாஸ் போன்றது) பாதித் தவறு இந்தத் தொடக்க எண்ணில்தான்.

இரவுவிளக்கு:

இதையெல்லாம் மேட்லேப் மென்பொருளே செய்து தருமே, கையால் பழகவா வேண்டும்? வேலைக்குப் போனபின் யாரும் பகுதி பின்னம் பிரிப்பதில்லையே.

அலைவரிசை:

சரிபார்க்க அது மிக நல்ல கருவி, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கேட்டதைத்தான் தரும். ஓம்_விதி போட்ட அதே இரண்டு துடிப்பை 0.01 விநாடி இடைவெளியில் மாதிரி எடுத்து கன்வல்யூஷன் கட்டளைக்குக் கொடுத்தால், உச்சி 2 என்று வராது, 200 அளவுக்கு வரும். அந்தக் கட்டளை வெறும் பெருக்கிக் கூட்டல் செய்கிறது. தொகையீட்டில் உள்ள சிறு அகலத்தை, அதாவது 0.01-ஐ, நீங்கள்தான் பெருக்க வேண்டும். கையால் ஒரு முறை போட்டவருக்கு 200-ஐப் பார்த்ததும் உறுத்தும். போடாதவர் அதை அப்படியே அறிக்கையில் ஒட்டுவார். அச்சில் நேரத்துக்குப் பதிலாக மாதிரி எண் 1 முதல் ஏறத்தாழ 500 வரை இருப்பதும் அவர் கண்ணில் படாது.

வேலையில் பின்னம் பிரிப்பதில்லை என்பது உண்மை. துருவம் கலப்பெண் தளத்தின் இடது பாதியில் இருக்கிறதா, அச்சுக்கு எவ்வளவு அருகில், அப்படியென்றால் எவ்வளவு நேரம் அலையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டியிருக்கும். கையால் பிரித்துப் பிரித்துத்தான் அந்தப் பார்வை வருகிறது.

கேள்விக்குறி:

அட்டவணை வாங்கிவிட்டேன். கன்வல்யூஷன் 2, 3-ஆம் வாரம். லாப்லாஸ் 9-ஆம் வாரம். ஆகவே சிக்னல்ஸையும் வகைக்கெழுச் சமன்பாட்டையும் வரும் செமஸ்டரில் எடுத்து, மின்காந்தவியலை வெக்டர் நுண்கணிதத்துக்குப் பின் வைக்கலாமென்று நினைக்கிறேன். மூன்றாவது கனமான தாள் வேண்டாம்தானே?

காந்தச்சுருள்:

வேண்டாம். அந்த இடத்தில் வெக்டர் நுண்கணிதத்தையே வைத்தால் மூன்றும் கணிதமாகிவிடும். வாராவாரம் மூன்று கணக்குத் தொகுப்பு ஒரே நாளில் வந்து நிற்கும். மைக்ரோப்ராசஸர், டிஜிட்டல் லாஜிக் மாதிரி லேப் வேலை உள்ள தாளை வையுங்கள். லேப் அறிக்கைக்கு ஆகும் நேரம் கணிசம்தான், ஆனால் அது வேறு வகை உழைப்பு. மின்காந்தவியல் ஒரு செமஸ்டர் தள்ளினால் பெரும்பாலும் ஆன்டெனா, மைக்ரோவேவ் போன்ற தாள்கள்தான் தள்ளும். அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் அவற்றின் அட்டவணையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஓம்_விதி:

கடைசியாக ஒன்று. தாளைக் கைவிடக் கடைசி நாள் எது என்று இப்போதே தேடிக் குறித்துவையுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, புத்தகம் மூடி, புதிய கன்வல்யூஷன் கணக்கு ஒன்று: 0 முதல் 2 வரை உள்ள துடிப்போடு, 0-இல் தொடங்கும் ஈ^(−டி). 15 நிமிடம். டி 2-க்குக் கீழே 1 − ஈ^(−டி), 2-க்கு மேலே ஈ^(−(டி − 2)) − ஈ^(−டி). டி = 2-இல் இரண்டு துண்டும் ஒரே மதிப்பு, 0.865. எல்லைகளை நீங்களே கண்டுபிடித்து இந்த எண் வந்தால் தாளில் தொடருங்கள். வராமல் போய், விடையைப் பார்த்தும் எல்லை ஏன் 0-இலிருந்து டி − 2-க்கு மாறியது என்று விளங்கவில்லையென்றால், அன்றே ஆசிரியரிடம் அந்த ஒரு கேள்வியோடு போங்கள். அதன்பிறகும் பிடிபடவில்லையென்றால் கைவிட இன்னும் ஒரு வாரம் இருக்கும்.